சதையி அழற்சியும் அதன் பின் தோன்றும் நீரிழிவும்



சதையி என்னும் சுரப்பியை நீங்கள் விஞ்ஞான பாடத்தில் இரு தடவைகள் சந்திக்கின்றீர்கள். சமிபாட்டுத் தொகுதியைக் கற்கும்போது அது சதையிச் சாற்றைச் சுரக்கும் சுரப்பியாக வருகின்றது. பின்னர் ஓமோன்களைக் கற்கும்போது இன்சுலினைச் சுரக்கும் சுரப்பியாக வருகின்றது. இவ்விரண்டும் வெவ்வேறு அலகுகளில் இடம்பெறுவதால், அவற்றை இரு வேறு அங்கங்கள் போலவே மனத்தில் பதித்துக்கொள்ளும் மாணவர்கள் பலர். "இன்சுலின் சதையிக்கானின் ஊடாக முன்சிறுகுடலை அடைகின்றது" என்று விடை எழுதுவோரும் உளர். இது முற்றிலும் தவறான விடையாகும்.

இக்கட்டுரை அவ்விரு அலகுகளையும் ஒரு நோயின் ஊடாக இணைத்துக் காட்டுகின்றது. கடுமையான வயிற்று வலியுடன் வைத்தியசாலையில் சேர்ந்து, குணமடைந்து, துண்டு வெட்டி வீடு திரும்பிய ஒருவருக்கு மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழிந்த பின்னர் நீரிழிவு ஏன் ஏற்படலாம் என்பதே இங்கு விளக்கப்படும் விடயம். (சில பழைய நூல்களில் சதையி என்பது சதையம் எனவும், இந்தியத் தமிழ் நூல்களில் கணையம் எனவும் குறிக்கப்படும். மூன்றும் ஒன்றே. நீரிழிவைச் சலரோகம் என்றும் சீனி வருத்தம் என்றும் வீட்டில் கூறக் கேட்டிருப்பீர்கள்.)

ஒரு சுரப்பி, இரண்டு தொழில்கள்

சதையி இரைப்பையின் பின்புறமாக, முன்சிறுகுடலின் வளைவுக்குள் தலைப்பகுதி அமையக் குறுக்காகக் கிடக்கும் சுரப்பியாகும். வளர்ந்த ஒருவரில் அதன் நீளம் ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர். அதன் பெரும்பகுதி நொதியங்களைச் சுரக்கும் கலங்களால் ஆனது. அமைலேசு, இலிப்பேசு ஆகியனவும், திரிப்சினின் செயலற்ற வடிவமான திரிப்சினோசனும் இக்கலங்களில் உண்டாகிச் சதையிக்கானின் வழியே முன்சிறுகுடலை அடைகின்றன. கான் ஒன்றின் ஊடாகச் சுரப்பை வெளியேற்றுவதால் இப்பகுதி புறஞ்சுரக்கும் பகுதி எனப்படும்.

இப்பகுதியின் இடையிடையே, கடலில் தீவுகள் சிதறிக் கிடப்பதைப் போன்று, சிறு கலக்கூட்டங்கள் காணப்படுகின்றன. இவையே இலங்கர்கானின் சிறுதீவுகள். இவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ பத்து இலட்சம் ஆயினும் சதையியின் மொத்தத் திணிவில் இவை நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு மாத்திரமே. இவற்றிலுள்ள பீற்றா கலங்கள் இன்சுலினையும் அல்பா கலங்கள் குளுக்ககோனையும் சுரக்கின்றன. இவை எந்தக் கானையும் நாடுவதில்லை. நேரடியாகக் குருதியில் சேர்கின்றன. ஆகவே இது அகஞ்சுரக்கும் பகுதி.

குருதியில் குளுக்கோசு கூடும்போது இன்சுலின் சுரக்கப்படும். அது குளுக்கோசைத் தசைக்கலங்களும் கொழுப்புக்கலங்களும் உள்ளெடுக்கச் செய்து, ஈரலில் கிளைக்கோசனாகச் சேமிக்கவும் தூண்டும். குளுக்கோசு குறையும்போது குளுக்ககோன் சுரக்கப்பட்டு, ஈரலிலுள்ள கிளைக்கோசன் மீண்டும் குளுக்கோசாக மாற்றப்படும். இதனை நீங்கள் முன்னரே கற்றிருப்பதால் இங்கு விரிக்கவில்லை. இவ்விரு பகுதிகளும் ஒரே உறையினுள், ஒரே குருதிக்கலன்களால் போசிக்கப்பட்டு, அருகருகே வாழ்கின்றன என்பதை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். அயல்வீட்டில் தீப்பிடித்தால் நமது வீட்டுக்கும் ஆபத்து என்ற நிலையே இங்கும் உள்ளது.

சிறுதீவுகளை முதலில் கண்டவர் போல் இலங்கர்கான் என்னும் ஜேர்மனியர். 1869 இல் பேர்லினில் தமது பட்ட ஆய்வுக்காகச் சதையியை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்த அவருக்கு அப்போது வயது 21. அக்கலங்களை விவரித்த அவர் அவற்றின் தொழில் யாதெனக் கூறவில்லை. அத்தொழில் விளங்குவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன.

1889 ஆம் ஆண்டு

இவ்விடயத்தின் வரலாற்றில் 1889 ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் றெஜினால்ட் பிற்ஸ் என்னும் வைத்தியர், திடீரெனத் தோன்றும் சதையி அழற்சியின் அறிகுறிகளைத் தொகுத்து விவரித்தார். (குடல்வாலழற்சிக்கு இன்றும் ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 1886 இல் இட்டவரும் இவரே.) அதே 1889 இல், அப்போது ஜேர்மனிக்கு உட்பட்டிருந்த ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஒஸ்கார் மின்கோவ்ஸ்கி, ஜோசப் வொன் மெரிங் ஆகிய இருவரும் ஒரு நாயின் சதையியை முற்றாக அகற்றினர். அந்நாய் அளவுக்கு மீறிச் சிறுநீர் கழித்தது. சிறுநீரைப் பரிசோதித்தபோது அதில் குளுக்கோசு இருந்தது. சதையி இல்லையேல் நீரிழிவு உண்டாகும் என்பது இவ்வாறு உறுதியாயிற்று.

ஒரே ஆண்டில் ஒருவர் சதையியின் அழற்சியை விவரித்தார். வேறிருவர் சதையியை இழந்தால் நீரிழிவு வரும் எனக் காட்டினர். ஆயினும் அழற்சியிலிருந்து பிழைத்தெழுந்தவர்களில் எத்தனை பேருக்கு நீரிழிவு வருகின்றது என்பதை முறையாகக் கணக்கிட்டுப் பார்ப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலாயின. காரணம் எளிது. அக்காலத்தில் கடுமையான தாக்கத்திற்கு உள்ளானோரில் பலர் பிழைக்கவில்லை. பிழைத்தவர்களோ வலி நீங்கியதும் நோய் முடிந்தது என்று எண்ணினர்.

சதையி தன்னைத் தானே சமிபாடடையச் செய்தல்

திரிப்சின் புரதத்தைச் சமிபாடடையச் செய்யும் நொதியம் என்பதை அறிவீர்கள். சதையியின் கலங்களும் புரதத்தாலேயே ஆக்கப்பட்டுள்ளன. அவ்வாறாயின் திரிப்சின் சதையியையே அழிக்காதிருப்பது எவ்வாறு? பரீட்சையில் கேட்கத்தக்க நல்ல வினா இது. சதையி திரிப்சினை நேரடியாக உற்பத்தி செய்வதில்லை. திரிப்சினோசன் என்னும் செயலற்ற வடிவிலேயே உற்பத்தி செய்கின்றது. முன்சிறுகுடலை அடைந்த பின்னரே அங்குள்ள எந்தரோகைனேசு என்னும் நொதியம் அதனைத் திரிப்சினாக மாற்றும். மேலும், தவறுதலாகச் சிறிதளவு திரிப்சின் உள்ளேயே தோன்றினால் அதனைத் தடுத்து நிறுத்தும் பொருளொன்றையும் சதையி தன்னுடன் வைத்திருக்கின்றது.

இப்பாதுகாப்பு ஏதாவதொரு காரணத்தால் உடையும்போது திரிப்சின் சதையியின் உள்ளேயே செயற்பட ஆரம்பிக்கும். அது ஏனைய நொதியங்களையும் செயற்படத் தூண்டும். கலங்கள் சிதைந்து, சுரப்பி வீங்கி, குருதிக்கலன்களிலிருந்து திரவம் கசியும். இதுவே சதையியின் தீவிர அழற்சி எனப்படும். சதையி தன்னைத் தானே சமிபாடடையச் செய்கின்றது என்னும் இக்கருத்தை 1896 இல் ஹான்ஸ் கியாரி என்பவர் முன்வைத்தார்.

சிதைந்த கலங்களிலிருந்து வெளிப்படும் இலிப்பேசும் வாளாவிருப்பதில்லை. சுற்றிலுமுள்ள கொழுப்பிழையத்தை உடைத்துக் கொழுப்பமிலங்களை உண்டாக்கும். அவை கல்சியத்துடன் சேர்ந்து வெண்ணிறப் புள்ளிகளாகப் படியும். இரசாயனத்தில் சவர்க்காரம் ஆக்கும் தாக்கத்தைப் படித்திருப்பீர்களாயின் ஒன்றைக் கவனியுங்கள்: நோயாளியின் வயிற்றினுள் நிகழ்வதும் ஏறத்தாழ அத்தகைய தாக்கமே. கடுமையான தாக்கத்தில் குருதியின் கல்சியச் செறிவு குறைவதற்கு இது ஒரு காரணமாகும்.

இந்நோய் எதனால் ஏற்படுகின்றது? முக்கியமானவை இரண்டு: பித்தக்கற்களும் மதுபானமும். பித்தக்கானும் சதையிக்கானும் முன்சிறுகுடலில் திறக்கும் இடத்தில் பொதுவாக ஒன்றுசேர்கின்றன. பித்தப்பையிலிருந்து நழுவும் ஒரு சிறு கல் அவ்விடத்தில் சிக்கிக்கொண்டால் சதையிச் சாறு வெளியேற வழியின்றித் தேங்கும். 1901 இல் அமெரிக்காவில் யூஜின் ஒப்பி என்பவர், இந்நோயால் இறந்த ஒருவரின் உடலை ஆராய்ந்தபோது இவ்வாறு சிக்கிய கல்லொன்றைக் கண்டார். அதே ஒப்பிதான் நீரிழிவு நோயாளரின் சிறுதீவுகள் சிதைந்திருப்பதையும் ஏறத்தாழ அக்காலத்திலேயே எடுத்துக்காட்டினார். நமது கட்டுரையின் இரு முனைகளையும் ஒரே மனிதர் தொட்டிருக்கின்றார்!

சாராயமாயினும் கசிப்பாயினும் பியராயினும் அதிலுள்ள எதயில் அற்ககோல் சதையியின் கலங்களைப் பாதிக்கும். பல ஆண்டுகள் அதிகமாகக் குடிப்போரிடமே இது கூடுதலாகக் காணப்படும். குருதியில் திரைகிளிசரைட்டு என்னும் கொழுப்பு மிக அதிகமாக, டெசிலீற்றருக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் உயர்தல், கூகைக்கட்டு வைரசு, சில மருந்துகள் என்பனவும் காரணங்களாகலாம். திரினிடாட் தீவிலுள்ள ஒருவகைத் தேள் கொட்டினாலும் சதையி அழற்சி ஏற்படும் என்பது மருத்துவ மாணவர்கள் வேடிக்கையாக நினைவில் வைத்திருக்கும் செய்தி. உங்கள் விடைத்தாளில் அதை எழுத வேண்டியதில்லை.

நோயாளிக்கு மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி திடீரெனத் தோன்றி முதுகுக்குப் பரவும். வாந்தி வரும். முன்பக்கம் குனிந்து அமர்ந்தால் சற்று ஆறுதலாக இருக்கும். இதனைக் "காஸ்ரிக்" என எண்ணிக் குளிசை விழுங்கிவிட்டு வீட்டிலேயே இருப்பது ஆபத்தானது. வைத்தியசாலையில் குருதியின் அமைலேசு அல்லது இலிப்பேசு அளவிடப்படும். சிதைந்த கலங்களிலிருந்து இந்நொதியங்கள் குருதிக்குக் கசிவதால் அவற்றின் அளவு சாதாரண மேலெல்லையின் மூன்று மடங்கோ அதற்கு மேலோ உயர்ந்திருக்கும். குடலுக்குள் இருக்க வேண்டிய நொதியம் குருதியில் காணப்படுவது ஏன் என்று வினவினால் இதனையே விடையாக எழுத வேண்டும்.

பெரும்பாலானோரில் நோய் இலேசானதாகவே இருக்கும். நாளத்தின் ஊடாகத் திரவமும் வலிநிவாரணியும் வழங்கப்பட, ஒரு வாரமளவில் வீடு திரும்புவர். சிலரில் சதையியின் ஒரு பகுதி இறந்துபோகும். சுவாசப்பைகளும் சிறுநீரகங்களும் கூடச் செயலிழக்கலாம். அத்தகையோர் வாரக்கணக்கில் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க நேரிடும்.

வீடு திரும்பிய பின்னர்

இப்போது நமது முக்கிய வினாவுக்கு வருவோம். வலி நீங்கியது, அமைலேசு சாதாரண நிலைக்கு இறங்கியது, நோயாளி சோறு உண்கின்றார். சதையி பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதா?

2014 இல் நியூசிலாந்தின் ஓக்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பல நாடுகளில் நடைபெற்ற 24 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தனர். அவற்றில் 1102 நோயாளர்கள் அடங்கியிருந்தனர். முதன்முறையாகச் சதையி அழற்சிக்கு உள்ளான இவர்களுக்கு அதற்கு முன்னர் நீரிழிவு இருக்கவில்லை. நோய் தீர்ந்த பின் இவர்களை அவதானித்தபோது நூற்றுக்கு 23 பேர் அளவில் நீரிழிவு காணப்பட்டது. மேலும் 16 பேர் அளவில் நீரிழிவுக்கு முந்திய நிலையில் இருந்தனர். அதாவது குருதிக் குளுக்கோசு சாதாரண அளவைத் தாண்டியிருந்தது, நீரிழிவு எல்லையை எட்டவில்லை. முதல் 12 மாதங்களுக்குள் நீரிழிவு வந்தோர் நூற்றுக்கு 15 பேர். ஐந்து ஆண்டுகளில் ஆபத்து அதிலும் இரு மடங்குக்கு மேலாகக் கூடியிருந்தது.

இவ்வெண்களை வாசிக்கும்போது இரு விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பெரும்பான்மையோருக்கு நீரிழிவு வரவில்லை. சதையி அழற்சி வந்தால் நீரிழிவு நிச்சயம் என்று எழுதுவது தவறு. ஆபத்து கூடுகின்றது என்பதே சரி. இரண்டாவது, ஆபத்து ஓராண்டுடன் முடிந்துவிடுவதில்லை. முதலாம் ஆண்டில் குளுக்கோசு சாதாரணமாக இருந்த ஒருவருக்குப் பின்னர் நீரிழிவு வரலாம். சாதாரண மக்கள் மட்டுமன்றிச் சில வேளைகளில் வைத்திய ஆலோசனை பெறுவோரும் மறந்துவிடுவது இந்த இரண்டாவது விடயத்தையே.

ஏன் வருகின்றது?

சதையியின் ஒரு பகுதி இறந்தால் அதிலிருந்த சிறுதீவுகளும் இறக்கும், பீற்றா கலங்கள் குறையும், இன்சுலின் குறையும். இவ்விளக்கம் எளிது, சரியானதும் கூட. கடுமையான தாக்கத்திற்கு உள்ளானோரிலும் மீண்டும் மீண்டும் தாக்கத்திற்கு உள்ளானோரிலும் ஆபத்து கூடுதலாக இருப்பதை இது நன்கு விளக்குகின்றது.

ஆனால் இவ்விளக்கத்துடன் நின்றுவிட்டால் ஒரு சிக்கல் எழுகின்றது. இழையம் எதுவும் இறவாத, ஒரு வாரத்தில் குணமடைந்த இலேசான நோயாளர்களிலும் பொதுமக்களை விட நீரிழிவு கூடுதலாகக் காணப்படுகின்றதே! அவர்களது பீற்றா கலங்கள் உயிருடன்தானே இருக்கின்றன? விஞ்ஞானத்தில் ஒரு கருதுகோளுக்கு அடங்காத அவதானம் கிடைத்தால் கருதுகோளை விரிவுபடுத்த வேண்டும். ஆய்வாளர்களும் அவ்வாறே செய்தனர். அழற்சியின்போது வெளிப்படும் இரசாயனப் பொருள்கள் நோய் தணிந்த பின்னரும் சிலரின் குருதியில் குறைந்த அளவில் நீடிக்கின்றன. அவை தசை, ஈரல், கொழுப்பு ஆகிய இழையங்கள் இன்சுலினுக்குத் தகுந்தவாறு துலங்குவதைக் குறைக்கலாம். இந்நிலை இன்சுலின் எதிர்ப்பு எனப்படும். இன்சுலின் இருக்கும், ஆனால் அதன் சொல்லைக் கலங்கள் கேளாது. சதையியினுள் கொழுப்புப் படிதல், உணவு உட்கொண்டதும் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் குடல் ஓமோன்களில் ஏற்படும் மாற்றம் என்பனவும் இதற்குத் துணைபோவதாகக் கருதப்படுகின்றது.

இன்னொன்றும் உண்டு. பித்தக்கல், உயர்ந்த திரைகிளிசரைட்டு ஆகியன உடற்பருமன் உள்ளோரில் கூடுதலாகக் காணப்படுபவை. உடற்பருமன் நீரிழிவுக்கும் ஏது. ஆகவே சிலரில் சதையி அழற்சியும் நீரிழிவும் ஒரே வேரிலிருந்து வளர்ந்த இரு கிளைகளாகவும் இருக்கலாம். அதற்காக எல்லாப் பழியையும் உடற்பருமன் மீது சுமத்திவிடவும் முடியாது. மெலிந்தோருக்கும் இது வருகின்றது.

இது எந்த வகை நீரிழிவு?

வகை 1, வகை 2 என்னும் இரண்டையும் அறிவீர்கள். வகை 1 இல் உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே பீற்றா கலங்களை அழிக்கின்றது. வகை 2 இல் இன்சுலின் எதிர்ப்பு முதன்மையானது. சதையியின் நோயால் ஏற்படும் நீரிழிவு இவ்விரண்டிலும் அடங்காது. மருத்துவ நூல்கள் அதனை வகை 3சி என அழைக்கின்றன.

பெயர் எதுவாயினும் சீனியைக் குறைத்தால் போதும்தானே என நீங்கள் நினைக்கலாம். அவ்வாறன்று. சதையியின் இழையம் பெருமளவில் அழிந்தவரில் அல்பா கலங்களும் அழிகின்றன. ஆகவே இன்சுலின் மட்டுமன்றிக் குளுக்ககோனும் குறைகின்றது. இத்தகையவருக்கு இன்சுலின் ஊசி ஏற்றிய பின் குளுக்கோசு அளவுக்கு மீறி இறங்கினால், அதை உயர்த்துவதற்கு உடலிடம் போதிய குளுக்ககோன் இல்லை. வியர்வை, நடுக்கம், மயக்கம் என்பன மற்றையோரிலும் எளிதாக ஏற்படலாம். அதேவேளை புறஞ்சுரக்கும் பகுதியும் பாதிக்கப்பட்டிருந்தால் இலிப்பேசு போதாமையால் கொழுப்புச் சமிபாடடையாது. மலம் எண்ணெய்த் தன்மையுடன் மிதக்கும், உடல் மெலியும், கொழுப்பில் கரையும் விற்றமின்களான ஏ, டி, ஈ, கே ஆகியவற்றின் அகத்துறிஞ்சலும் குறையும். அவருக்கு உணவுடன் நொதியக் குளிசையும் தேவைப்படும். நீரிழிவினாலேயே மெலிகின்றார் என்று கருதி விட்டுவிட்டால் அவர் தேவையின்றி வாடுவார்.

இவ்வகை எவ்வளவு தூரம் கவனிக்கப்படாமல் போகின்றது என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஓர் உதாரணம். 2017 இல் வெளியான ஆய்வொன்றில், சதையி நோயின் பின் நீரிழிவு ஏற்பட்டோரின் மருத்துவப் பதிவுகள் பார்க்கப்பட்டன. நூற்றுக்கு ஏறத்தாழ 88 பேர் வகை 2 எனப் பதியப்பட்டிருந்தனர். வகை 3சி எனச் சரியாகப் பதியப்பட்டோர் நூற்றுக்கு மூன்று பேர் கூட இல்லை. கணினிப் பதிவுகள் நன்கு பேணப்படும் நாட்டிலேயே நிலைமை அவ்வாறு.

எப்போது பரிசோதிக்க வேண்டும்?

நோயாளி வைத்தியசாலையில் இருக்கும்போது அவரது குருதிக் குளுக்கோசு உயர்ந்து காணப்படலாம். கடும் வலியும் அழற்சியும் உள்ள வேளையில் அதிரினலின், கோட்டிசோல் ஆகிய ஓமோன்கள் கூடுதலாகச் சுரக்கப்பட்டு, ஈரலிலிருந்து குளுக்கோசை விடுவிப்பதே இதற்குக் காரணம். பலரில் இது தணிந்துவிடும். ஆகவே அந்நாட்களின் அளவை மட்டும் வைத்து நீரிழிவு என முடிவு செய்வதில்லை. அதுபோல, வீடு திரும்பும் நாளில் அளவு சாதாரணமாக இருந்தது என்பதால் இனி வராது என்று கூறவும் முடியாது.

அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2024 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, சதையி அழற்சிக்குப் பின் 3 முதல் 6 மாதங்களுக்குள் ஒரு தடவையும் அதன் பின்னர் ஆண்டுதோறும் நீரிழிவுப் பரிசோதனை செய்தல் வேண்டும். இரவு முழுவதும் உணவின்றி இருந்து காலையில் எடுக்கும் குருதியில் குளுக்கோசு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் (லீற்றருக்கு 7.0 மில்லிமூல்) அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. 100 முதல் 125 வரை இருந்தால், இதே சங்கத்தின் அளவுகோலின்படி, நீரிழிவுக்கு முந்திய நிலை. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் நீரிழிவாகும். அறிகுறிகள் எவையும் இல்லாதவரில் பரிசோதனையை இன்னொரு தடவை செய்து உறுதிப்படுத்துவர்.

இங்கே உங்களுக்கும் ஒரு வேலை இருக்கின்றது. வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டும்போது தரப்படும் நோய் நிர்ணய அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டிருக்கும். வீட்டில் அதை வாசித்துச் சொல்லும் பொறுப்பு பல குடும்பங்களில் பாடசாலை செல்லும் பிள்ளைக்கே வருகின்றது. அட்டையில் சதையி அழற்சி என்று காணப்பட்டால், அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடாமல், அடுத்த கிளினிக்குக்கு அம்மாவோ அப்பாவோ மாமாவோ செல்லும்போது கையில் கொடுத்தனுப்புங்கள். "டொக்டர், சீனி பார்க்க வேண்டுமா?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஈராண்டுக்குப் பின் வேறொரு வைத்தியரிடம் தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல் என்று செல்லும்போதும் அவ்வட்டை தேவைப்படும். அவ்வட்டை இல்லையென்றால் அவர் இதனை வகை 2 என்றே கருதுவதற்கு இடமுண்டு. மேலே சொன்ன இங்கிலாந்து உதாரணத்தை நினைத்துப் பாருங்கள்.

மீண்டும் ஒரு தாக்கம் வராமல் தடுப்பதும் நீரிழிவின் ஆபத்தைக் குறைக்கும் வழியே. பித்தக்கல் காரணமாயின் பித்தப்பையைச் சத்திரசிகிச்சை மூலம் அகற்றுவர். இதனை நீண்டகாலம் ஒத்திவைத்தால் அதற்கிடையில் மற்றொரு கல் நழுவலாம். மதுபானம் காரணமாயின் அதனை முற்றாக நிறுத்த வேண்டும். திரைகிளிசரைட்டு காரணமாயின் உணவாலும் மருந்தாலும் அதனைக் கட்டுப்படுத்த வேண்டும்.

பயிற்சி வினா

42 வயதான ஒருவர் பித்தக்கல் காரணமாகச் சதையி அழற்சிக்கு உள்ளானார். வைத்தியசாலையில் இரண்டாம் நாள் அவரது குருதிக் குளுக்கோசு டெசிலீற்றருக்கு 148 மில்லிகிராம். உணவின்றி எடுக்கப்பட்ட அளவு மூன்று மாதங்களின் பின் 104. பதினைந்து மாதங்களின் பின் 131. ஒரு வாரத்தின் பின் மீண்டும் எடுத்தபோது 133.

(அ) பித்தக்கல் சதையியைப் பாதித்தது எவ்வாறு?
(ஆ) 148 என்னும் பெறுமானத்தைக் கொண்டு அவருக்கு நீரிழிவு உண்டு என முடிவு செய்யாதது ஏன்?
(இ) மூன்றாம் மாதப் பெறுமானம் எதனைக் குறிக்கின்றது?
(ஈ) அவரது மலம் எண்ணெய்த் தன்மையுடன் மிதப்பதாகக் கூறினார். இதிலிருந்து நீர் உய்த்தறிவது யாது?

விடைக்கான குறிப்புகள்: (அ) இல் கான்கள் ஒன்றுசேரும் இடத்தைக் குறிப்பிடாமல் "கல் அடைத்தது" என்று மாத்திரம் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. (ஆ) நோயின் தாக்கத்தால் சுரக்கும் ஓமோன்கள் தற்காலிகமாகக் குளுக்கோசை உயர்த்தும் என்பதையும், அது உணவின்றி எடுக்கப்பட்டதெனக் கூறப்படவில்லை என்பதையும் எழுதுக. (இ) 104 சாதாரண அளவன்று. நீரிழிவுக்கு முந்திய நிலை. ஆகவே தொடர்ந்து பரிசோதிக்க வேண்டியவர். பின்னர் கிடைத்த 131, 133 ஆகிய இரண்டும் 126 க்கு மேற்பட்டவை என்பதால் நீரிழிவு உறுதியாகின்றது. (ஈ) இலிப்பேசு குறைந்து கொழுப்புச் சமிபாடு குன்றியுள்ளது. அதாவது சிறுதீவுகளுடன் புறஞ்சுரக்கும் பகுதியும் பாதிக்கப்பட்டுள்ளது. இதனை "நீரிழிவின் அறிகுறி" என எழுதுதல் பிழையாகும்.